பொது உண்டியலா, ஆளுக்கொரு கணக்கா? சமையல் செயலியில் சந்தாப் பணத்தைப் பங்கிடும் வழிகள்

சமையல் குறிப்புகளுக்கான செயலி ஒன்றை மூன்று பேர் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறோம். தேடல் ஓடுகிறது. எத்தனை பேருக்குச் சமைக்கிறோமோ அதற்கேற்ப அளவுகள் கூடிக் குறைகின்றன. கை ஈரமாக இருக்கும்போது திரை அணைந்துவிடாமல் இருக்க ‘சமையல் முறை’யும் வந்துவிட்டது. நகராமல் நின்றது ஒப்பந்தத்தின் நான்காம் பத்தி ஒன்றுதான். சந்தா வருமானத்தில் பாதி, குறிப்பு எழுதியவர்களுக்கு என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம். அந்தப் பாதியில் யாருக்கு எவ்வளவு என்று எழுத உட்கார்ந்தபோது ஆறு வாரம் ஓடிவிட்டது.

முதலில் அந்தப் பாதி எதன் பாதி என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வரி போக ஒருவர் கட்டும் சந்தா 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் கை செயலிக் கடையினுடையது. ஆப்பிளின் வழக்கமான கணக்கில் சந்தாவின் முதல் ஆண்டுக்கு 30 சதவீதம், அதே ஆள் ஓராண்டைத் தாண்டிய பிறகு 15 சதவீதம். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறியவர்களுக்கு 2021 முதல் 15 சதவீதம். கூகுள் பிளே 2022 ஜனவரியில் சந்தாக்களுக்கான கழிவை 15 சதவீதமாக்கியது. ஆக எங்களைப் போன்றவர்கள் கையில் 85 மிஞ்சும். அதில் பாதி 42.50. ‘வருமானத்தில் பாதி’ என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் 50 என்றுதான் படிப்பார். நாம் 42.50 அனுப்புவோம். திருடன் என்ற பட்டம் முதல் மாதமே வந்து சேரும். கடைக் கழிவு, வரி, திருப்பிக் கொடுத்த தொகை ஆகியவை போக மிஞ்சுவதில் பாதி என்று முழுமையாக எழுதிவிட்டோம்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். தொடக்கத்தில் 200 சந்தாதாரர்கள், 40 படைப்பாளர்கள். மாதம் 20,000 வருகிறது. கடைக் கழிவு போக 17,000. பாதி 8,500. சராசரியாக ஒருவருக்கு 212.50, அதாவது இரண்டு சந்தாவின் விலைக்குச் சற்று மேல். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு மூவரும் சிறிது நேரம் பேசவில்லை. பங்கிடும் முறை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், சந்தாதாரர் சில ஆயிரம் பேராகும்வரை யாருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான பணம் போகாது. இதை மறைத்துவிட்டுப் படைப்பாளர்களை அழைக்கக் கூடாது.

எங்கள் மேசையில் ஐந்து வழிகள் இருந்தன. இரண்டை விரைவில் ஒதுக்கினோம்.

சீக்கிரம் விழுந்த இரண்டு

ஒவ்வொரு படைப்பாளருக்கும் தனிச் சந்தா என்பது முதலாவது. பேட்ரியான், சப்ஸ்டாக் போன்றவை இப்படித்தான் இயங்குகின்றன. தளம் ஒரு சிறு கழிவை எடுத்துக்கொள்ளும், மற்றது எழுதியவருக்கு. கட்டுரைக்கும் பாட்காஸ்டுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அங்கே வாசகர் குரலைத் தேடி வருகிறார். சமையல் செயலிக்கு வருகிறவர் மாலை ஆறு மணிக்கு, வீட்டில் இருக்கும் நான்கு பொருள்களை வைத்து என்ன செய்யலாம் என்று தேடுகிறார். விடை யாருடைய பெயரில் வந்தாலும் அவருக்குச் சம்மதம். அந்த நேரத்தில் ‘இந்தக் குறிப்பைப் பார்க்க இவருக்கும் ஒரு சந்தா கட்டுங்கள்’ என்று கதவை மூடினால் அவர் செயலியையே மூடிவிடுவார்.

இரண்டாவது, குறிப்புக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கிவிடுவது. எழுதியவருக்கு உறுதியான பணம். எங்களுக்கும் கணக்கு எளிது. ஆனால் சந்தா வருவதற்கு முன்பே கைப்பணம் இறங்க வேண்டும், எங்களிடம் அது இல்லை. இதைவிட முக்கியமாக, விற்றுவிட்ட குறிப்பை யாரும் திரும்ப வந்து திருத்த மாட்டார்கள். ‘அடுப்பின் சூடு இன்னும் குறைவாக இருக்க வேண்டும்’ என்று பத்துப் பேர் புகார் சொன்னால் அதைச் சரிசெய்யும் அக்கறை, அந்தக் குறிப்பிலிருந்து மாதந்தோறும் பணம் பெறுபவருக்குத்தான் இருக்கும். இந்த வழியில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதல் ஆண்டில் சிலருக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, பின்னால் வரும் பங்கிலிருந்து கழித்துக்கொள்வோம். பங்கு அந்த அளவுக்கு வராவிட்டால் நட்டம் எங்களுடையது.

பொது உண்டியல்

மீதி மூன்றில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. எல்லாச் சந்தாப் பணத்தையும் ஒரே உண்டியலில் போடு, மொத்தப் பயன்பாட்டில் யாருடைய குறிப்புகளுக்கு எத்தனை சதவீதமோ அதே சதவீதத்தில் பிரி. ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட பெரிய இசைச் சேவைகள் வளர்ந்தது இந்த முறையில்தான். விளக்க ஒரு வரி போதும். எல்லோருக்கும் ஒரே விலை. இந்த மாதம் ஒரு பயன்பாட்டுக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணாகச் சொல்லிவிடலாம்.

அது யாருடைய பணத்தை யாருக்குக் கொடுக்கிறது என்பதை இரண்டே சந்தாதாரரை வைத்துப் பார்க்கலாம். முதலாமவர் மாதத்தில் 90 முறை குறிப்புகளைத் திறக்கிறார், எல்லாம் ஒரே படைப்பாளருடையவை. இரண்டாமவர் 10 முறை, எல்லாம் வேறொரு படைப்பாளருடையவை. இருவரும் கட்டியது ஒரே சந்தா. படைப்பாளர்களுக்கென உண்டியலில் இருப்பது இரண்டு 42.50, அதாவது 85. முதல் படைப்பாளருக்கு 76.50 போகிறது, இரண்டாமவருடைய படைப்பாளருக்கு 8.50. இரண்டாமவர் கட்டிய பணத்தில் படைப்பாளர்களுக்கென ஒதுக்கிய 42.50-இல் 34, அவர் ஒரு நாளும் திறக்காத குறிப்புகளுக்குப் போய்விட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை.

இசையில் இது ஓரளவு தாங்கும், ஏனென்றால் பாட்டுக் கேட்பதில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள் என்று வாதிடலாம். சமையலில் அப்படியில்லை. இரவில் படுத்துக்கொண்டு அறுபது படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் அடுப்படியில் நிற்பவர் இன்னொரு வகை. அடுத்த ஆண்டும் சந்தா கட்டப்போகிறவர் இரண்டாமவர். உண்டியலோ முதலாமவர் பேச்சைத்தான் கேட்கும்.

மோசடியும் இங்கே எளிது. ஒருவர் பொய்க் கணக்குகளைத் தொடங்கிச் சந்தா கட்டி, இயந்திரத்தை வைத்துத் தன் குறிப்புகளையே இரவு பகலாகத் திறக்கவிட்டால், கட்டியதைவிட அதிகமாக உண்டியலிலிருந்து உருவிவிட முடியும். இது கற்பனைப் பயமில்லை. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பாடல்களைத் தானியங்கிக் கணக்குகளைக் கொண்டு கோடிக்கணக்கான முறை ஓடவிட்டு, 1 கோடி டாலருக்கு மேல் உரிமத் தொகை பெற்றதாக 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒருவர் மீது குற்றவழக்குப் போட்டார்கள். அந்தப் பணம் வெளியிலிருந்து வரவில்லை. மற்ற கலைஞர்களுக்குப் போயிருக்க வேண்டியது.

இலவச முன்னோட்டக் காலமும் உண்டியலில் ஓர் ஓட்டை. முதல் இரண்டு வாரம் இலவசம் என்றால் அந்த ஆட்கள் ஆர்வத்தில் நிறையத் திறப்பார்கள், உண்டியலில் ஒன்றும் போட மாட்டார்கள். அவர்களுடைய பயன்பாட்டையும் எண்ணினால், பணம் கட்டியவர்களின் காசு பணம் கட்டாதவர்களின் ரசனைப்படி பிரிகிறது.

ஆளுக்கொரு கணக்கு

ஒவ்வொரு சந்தாதாரருடைய 42.50-ஐயும் அவர் பயன்படுத்தியவர்களுக்குள் மட்டும் பிரிப்பது இந்த வழி. மேலே சொன்ன இரண்டு பேர் கணக்கில் படைப்பாளர் இருவருக்கும் தலா 42.50. சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளம் 2021-இல் சுயாதீனக் கலைஞர்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைகளுக்கான மீடியம் தளமும் உறுப்பினர் ஒவ்வொருவரின் கட்டணத்தையும் அவர் ஆர்வம் காட்டிய கட்டுரைகளுக்குள் பிரிப்பதில்தான் 2017-இல் தொடங்கியது.

மோசடிக்காரருக்கு இங்கே லாபமில்லை. 100 கட்டித் தன்னையே திறந்தால் அதிகபட்சம் 42.50 திரும்பும்; ஒவ்வொரு பொய்க் கணக்குக்கும் 57.50 நட்டம். திருட்டு அட்டையில் கட்டினால் மட்டும் இந்தக் கணக்கு உடையும், ஏனென்றால் அப்போது நட்டம் வேறொருவருடையது. அதற்காகத்தான் பட்டுவாடாவை 60 நாள் தள்ளி வைக்கிறோம். அட்டைக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்டால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். இலவசக் காலத்து ஆளுக்குப் பணமே இல்லை, எனவே அவர் கணக்கில் பிரிக்கவும் ஒன்றுமில்லை.

குறை இல்லாமலில்லை. ஒரு சமையலுக்கு இவ்வளவு என்ற ஒற்றை எண் இங்கே கிடையாது. ‘போன மாதம் 25 பேர் சமைத்தபோது வந்ததைவிட இந்த மாதம் 40 பேர் சமைத்து ஏன் குறைவாக வந்திருக்கிறது?’ என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். அந்த 40 பேரும் வேறு பலருடைய குறிப்புகளையும் சமைத்தார்கள் என்பதே விடை, ஆனால் அதைக் கடிதத்தில் எழுதிப் பாருங்கள், சாக்குப்போக்கு போல ஒலிக்கும். எங்கள் மூவரில் கணக்கு பார்ப்பவர் வேறு கோணத்தில் எதிர்த்தார்: மாதத்தில் ஒரே முறை சமைத்தவரிடமிருந்து அந்த ஒரு குறிப்புக்கு 42.50, நாற்பது முறை சமைத்தவரிடமிருந்து குறிப்புக்கு ஒரு ரூபாய் சொச்சமா? ஆமாம். அந்த முதல் ஆள் அந்த ஒரு சமையலுக்காகத்தான் 100 கட்டியிருக்கிறார் என்பது என் பதில். அவர் இன்னமும் முழுதாகச் சம்மதிக்கவில்லை.

இந்த முறையைப் பற்றிய ஒரு மிகையான நம்பிக்கையையும் இங்கேயே இறக்கி வைக்கிறேன். இது சின்னவர்களைப் பணக்காரர்களாக்காது. பிரான்சின் தேசிய இசை மையம் 2021-இல் இசைச் சேவைகளின் தரவை வைத்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டது. உச்சியில் இருப்பவர்களின் பங்கு குறைகிறது. ஆனால் வரிசையின் அடியில் இருக்கும் பெருங்கூட்டத்துக்குக் கூடுவது ஆளுக்குச் சில யூரோதான் என்று தெரிந்தது. நான் இதை ஆதரிப்பது இரக்கத்தால் அல்ல. சந்தா கட்டியவரிடம் ‘உங்கள் பணம் இந்த மூன்று பேருக்குப் போயிற்று’ என்று பெயர் சொல்ல முடிகிறது. பொது உண்டியலில் அதைச் சொல்லவே முடியாது.

எதை எண்ணுவது

ஆறு வாரத்தில் நான்கு வாரம் இதில்தான் போயிற்று. உண்டியலா தனிக் கணக்கா என்பதைவிட இதுவே பெரிய கேள்வி என்று இப்போது நினைக்கிறேன். பிரிக்கும் முறை எதுவானாலும், அது பிரிப்பது நாம் எண்ணியதை. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் எழுதித் தருவார்கள்.

அமேசானின் மின்னூல் சந்தாச் சேவையான கிண்டில் அன்லிமிடெட் இதற்கு நல்ல பாடம். 2014-இல் தொடங்கியபோது, வாசகர் புத்தகத்தில் பத்து சதவீதத்தைப் படித்துவிட்டால் எழுத்தாளருக்கு ஒரு முழுப் பங்கு. உடனே சின்னஞ்சிறு புத்தகங்கள் பெருகின. ஒரு நாவலைத் துண்டு துண்டாக்கினால் அத்தனை பங்கு. 2015 ஜூலையில் படித்த பக்கங்களை எண்ணத் தொடங்கினார்கள். இப்போது பழைய கதைகளையும் உதிரிகளையும் திணித்துப் புத்தகத்தை ஊதிப் பெருக்குகிறவர்கள் வந்தார்கள். ஆட்கள் கெட்டவர்களாகிவிடவில்லை, அளவுகோல் எங்கே சாய்ந்ததோ அங்கே தண்ணீர் ஓடியது.

சமையல் குறிப்பில் திறப்பை எண்ணினால் படங்கள் பளபளக்கும், குறிப்பு எப்படியோ போகட்டும் என்றாகும். நேரத்தை எண்ணினால் இன்னும் மோசம், ஏனென்றால் நல்ல குறிப்பின் அடையாளமே சுருக்கம்தான். நேரத்துக்குக் காசு என்றால் பொருள் பட்டியலுக்கு மேலே பாட்டியின் நினைவலைகள் ஆறு பத்தி வந்து உட்காரும். சமையல் வலைப்பதிவுகளை விளம்பரம் அப்படித்தான் நீட்டியது. அதைக் கண்டு எரிச்சலடைந்து, பதிவுகளிலிருந்து கதையையும் விளம்பரத்தையும் உரித்துவிட்டுக் குறிப்பை மட்டும் காட்டுகிறோம் என்று 2021-இல் ரெசிப்பீஸ்லி என்ற தளம் வந்தது. எழுதியவர்கள் கொதித்தெழுந்தார்கள், வந்த வேகத்திலேயே அதை இறக்கிவிட்டார்கள். நீளம் வாசகருக்குத் தொல்லைதான், ஆனால் அந்த நீளத்தில்தான் எழுதியவரின் சாப்பாடு இருந்தது. எங்கள் வேலை அந்த முடிச்சை அவிழ்ப்பது. நேரத்தை எண்ணினால் அதையே திரும்பக் கட்டுவோம்.

சோதனைத் தரவில் ஒரு பதிவு. ஒரு சாதாரணக் குறிப்பு, ஒரே அமர்வில் ஒன்பது மணி நேரம் ஒன்பது நிமிடம் ‘படிக்கப்பட்டிருந்தது’. சமையல் முறையில் திரை அணையாது அல்லவா, யாரோ மேடையில் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். அதற்கு அடுத்த வரியில் இன்னொரு பதிவு: ஒரே ஆள், ஒரே குறிப்பு, மூன்று வாரத்தில் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் நாற்பது விநாடி கூட இல்லை. விசாரித்தோம். செய்முறை அவருக்கு மனப்பாடம். மாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மட்டும் மறந்துபோகும், அதைப் பார்க்கத் திறக்கிறார். நேரக் கணக்கில் அந்த ஒன்பது மணி நேரத்துக்கு முன் அவருடைய ஆறு சமையலும் தூசி.

ஆகவே ‘சமைத்தது’ என்பதையே அலகாக வைத்தோம். சமையல் முறையைத் திறந்திருக்க வேண்டும். அதோடு இந்த மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: படிகளில் பாதியையாவது தாண்டியிருக்க வேண்டும், அல்லது நேரங்காட்டியை முடுக்கியிருக்க வேண்டும், அல்லது ‘சமைத்துவிட்டேன்’ என்று தொட்டிருக்க வேண்டும். முன்பு சமைத்த குறிப்பையே திரும்பத் திறந்தால் சமையல் முறை மட்டும் போதும், அந்த நாற்பது விநாடிக்காரருக்காக. ஒரு ஆள், ஒரு குறிப்பு, ஒரு நாள் என்றால் எத்தனை முறை திறந்தாலும் ஒன்றுதான்.

இதையும் வளைப்பார்கள். முதலில் வரப்போவது பிளப்பது என்று ஊகிக்கிறேன்: மாவு ஒரு குறிப்பு, உள்ளே வைக்கும் பூரணம் ஒரு குறிப்பு, மேலே ஊற்றும் சாறு ஒரு குறிப்பு. ஒன்றுக்குள் ஒன்றாக இணைந்த குறிப்புகள் ஒரே சமையலாகத்தான் எண்ணப்படும் என்று விதி போட்டிருக்கிறோம். இணையம் இல்லாத சமையலறைகளும் உண்டு. அங்கே நடந்தது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்கு வந்து சேரும். மாதக் கணக்கை ஏழாம் தேதி மூடுகிறோம், அதற்குப் பின் வருவது அடுத்த மாதத்தில் சேரும்.

நகல் எடுப்பது வேறு தலைவலி. அமெரிக்கச் சட்டத்தில் வெறும் பொருள் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது. எழுதிய விதம், படம் ஆகியவற்றுக்கு உண்டு. அடுத்தவர் குறிப்பைத் தன் சொற்களில் மாற்றி எழுதிப் போடுபவரை அந்தச் சட்டத்தால் மட்டும் தடுக்க முடியாது. எங்களுக்குப் பாதுகாப்பு, ஒப்பந்தமும் கண்ணால் பார்த்து நீக்கும் ஓர் ஆளும்தான்.

அழைத்து வந்தவருக்குப் பங்கு

ஐந்தாவது வழி: யார் சொல்லி ஒருவர் சேர்ந்தாரோ அவருக்கே பங்கு. புதிய செயலிக்கு இதைவிட நல்ல எரிபொருள் கிடையாது. படைப்பாளர் தன் வாசகர்களிடம் சொல்வார், ஆட்கள் வருவார்கள். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டால் பணம் புகழுக்குப் போகும், சமையலுக்குப் போகாது. பெரிய பெயர் ஒருவர் ஆயிரம் பேரை அழைத்து வருவார், அவர்கள் வந்து சமைப்பது வேறு யாருடைய குறிப்பையோ. இவர் உட்கார்ந்த இடத்தில் வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொண்டிருப்பார்.

அதனால் இதற்கு வேலி போட்டுச் சேர்த்துக்கொண்டோம். மிஞ்சும் 85-இல் 10 சதவீதம், அதாவது 8.50, அழைத்து வந்தவருக்கு, முதல் 12 மாதம் மட்டும். மீதி 40 சதவீதமான 34, அந்தச் சந்தாதாரர் சமைத்தவற்றுக்கு. அந்த மாதம் அவர் ஒருவருடைய குறிப்பை மூன்று முறையும் இன்னொருவருடையதை இரண்டு முறையும் சமைத்தால் 20.40-உம் 13.60-உம். 12 மாதம் கழிந்தாலோ, யாரும் அழைக்காமல் தானாக வந்தவரென்றாலோ அந்த 8.50-உம் சமையல் பக்கமே சேர்ந்துவிடும். எங்கள் பைக்கு வராது. எந்த நிலையிலும் பாதி பாதியாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வெளியேறுவது பற்றி ஒரு விதி. உரிமை எழுதியவருடையது, எங்களிடம் இருப்பது அனுமதி மட்டும்; 30 நாள் முன்னறிவிப்போடு யாரும் தன் குறிப்புகளை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஏற்கெனவே சமைத்துப் பழகிய சந்தாதாரருக்கு அந்தக் குறிப்பு மறையாது, அவர் சமைக்கும் ஒவ்வொரு முறையும் போனவருக்குப் பங்கும் நிற்காது. ஒருவர் வீட்டுப் பிறந்த நாளுக்கு மூன்று ஆண்டாகச் செய்து வருவதை ஒரு காலையில் காணாமல் போகச் செய்யும் உரிமை எங்களுக்கும் இல்லை, எழுதியவருக்கும் இருக்கக் கூடாது என்று நினைத்தோம். படைப்பாளர்களில் ஒருவர் இதற்காகவே கையெழுத்திட மறுத்தார். அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

மூவருக்குள் கடைசிவரை இழுத்தது உறங்கும் சந்தா. பணம் கட்டுகிறார், அந்த மாதம் ஒன்றுமே சமைக்கவில்லை. அவருடைய 42.50 யாருக்கு? நிறுவனமே வைத்துக்கொள்ளலாம் என்றார் கணக்கு பார்ப்பவர். அப்படிச் செய்தால், ஆட்கள் சமைக்காமல் இருப்பதில் எங்களுக்கு லாபம் வந்துவிடும்; அந்த ஆசையை நான் கிட்டத்தில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு குறிப்பைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பவரும் வாங்குவார். இறுதியில், அவர் கடைசியாகச் சமைத்த மாதத்தில் யார் யாருக்குப் பிரிந்ததோ அதே விகிதத்தில் போகட்டும் என்று எழுதினோம். சேர்ந்த நாளிலிருந்து ஒரு முறைகூடச் சமைக்காதவர் என்றால் அழைத்து வந்தவருக்கு 8.50, மீதியைத் தனியாக வைத்திருந்து, அவர் முதல் சமையலைச் செய்யும் மாதத்தில் பிரிப்பது. ஆறு மாதம் ஆகியும் அவர் சமைக்கவில்லையென்றால், இனிச் சந்தாவை எடுக்கலாமா என்று அவரிடமே கேட்டுக் கடிதம் போகும். இந்தக் கடைசி வரியைச் சேர்த்த அன்று கணக்கு பார்ப்பவர் என்னோடு மதியம் வரை பேசவில்லை.